பக்கத்துக் கட்டில்காரர் ஆறாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டார், நான் மட்டும் ஏன் இன்னும் இங்கே?

இந்தக் கடிதத்தை எழுதியவர் 36 வயதுப் பெண், பள்ளி ஆசிரியை, ஒரு குழந்தைக்குத் தாய். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆபரேஷன் முடிந்த பதினோராம் நாள், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே போனில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி அனுப்பியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் இவருடைய இதயத்தின் இடது அறைகளுக்கு நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. அதை எடுத்துவிட்டு மெக்கானிக்கல் வால்வு என்ற செயற்கை வால்வைப் பொருத்தியிருக்கிறார்கள். ஐ.சி.யூ.வில் இரண்டாம் நாள் இரவு, கூரை முழுக்க எறும்புகள் ஊர்ந்ததைப் பார்த்திருக்கிறார். பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டது. மருந்து கொடுத்து அடக்கினார்கள். அதே வாரம் வால்வு ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்துக் கட்டில்காரர் ஆறாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டார். இவருக்கோ, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் "ஐ.என்.ஆர். இன்னும் ஏறவில்லை" என்று தினமும் ரத்தம் எடுக்கிறார்கள். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இரவானால் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கிறது.

இதற்கு நடுவில், 11 வருடங்களுக்கு முன் இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பெண்மணி வார்டுக்கு வந்து இவரைப் பார்த்திருக்கிறார். "அந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து தன் நெஞ்சுத் தழும்பைக் காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் நிம்மதியாகத் தூங்கியது அன்றைக்குத்தான்" என்று எழுதுகிறார். ஆனால் அதே அக்கா, ரத்தப் பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் செய்துகொள்வதாகவும், பல் பிடுங்கும்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஒரு வாரம் தானாகவே நிறுத்தியதாகவும், ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். கணவருக்கும் மாமியாருக்கும் இந்தப் பழக்கமே பிடிக்கவில்லை. மற்ற நோயாளிகளோடு பேசினால் மனசு கெட்டுப்போகும் என்கிறார்கள்.

இவருடைய கேள்விகள்: ஆபரேஷன் சரியாக அமையவில்லையா? எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா? அக்காவோடு தொடர்பு வைத்துக்கொள்ளலாமா? கடைசியாக ஒன்று: "எதிர்க் கட்டிலில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறார். நாளை மறுநாள் ஆபரேஷன். ரொம்ப வலிக்குமா என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்வது டாக்டர்?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த எறும்புகளைப் பற்றிப் பேசிவிடுவோம். கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். ஆனால் இத்தனை நாளும் உங்களை அதிகம் வாட்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு டெலிரியம் என்று பெயர். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அடிக்கடி வருகிற தற்காலிக மனக்குழப்பம் அது. பல மணி நேர மயக்கம், இதய நுரையீரல் இயந்திரத்தின் வழியாக ரத்தம் ஓடியதால் உடம்பு முழுக்க எழும் அழற்சி, வலி மருந்துகள், இரவா பகலா என்றே தெரியாத விளக்கு வெளிச்சம், தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் சேர்ந்து மூளையைச் சில மணி நேரமோ சில நாட்களோ குழப்பிவிடும். சிலருக்குச் சுவரில் எழுத்துகள் ஓடும். சிலர் நர்ஸ் தங்களைக் கடத்த வந்திருப்பதாகவே நம்புவார்கள். என்னிடம் வந்த ஒருவர், தன் கட்டில் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்ததை ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான், மனைவியை வெளியே அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த மூன்று மாதமும் தனக்கு மனநோய் வந்துவிட்டதாக நினைத்து அவர் தனியாகத் தவித்திருக்கிறார். நீங்கள் அப்படித் தவிக்க வேண்டாம். இன்று ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது உங்கள் குறிப்பேட்டில் இருந்தால், பின்னால் எப்போதாவது மயக்க மருந்து தேவைப்படும்போது பயன்படும். மறுபடி அப்படி ஏதாவது தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். தொற்றோ ஆக்சிஜன் குறைவோ இருக்கிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டும்.

அழுகையும் அப்படித்தான். நெஞ்செலும்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, மறுபடி ஓட வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு முதல் சில வாரங்கள் மனசு தளும்பிக்கொண்டே இருப்பது இயல்பு. ஆனால் நாளின் பெரும்பகுதி இருட்டாகவே தெரிந்து, இரண்டு வாரமாகியும் விலகவில்லை என்றால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். வாழவே வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அந்த டிக் டிக், வால்வின் தகடுகள் ஒவ்வொரு துடிப்பிலும் மூடிக்கொள்ளும் சத்தம். வார்டு அடங்கிய பிறகு பெரிதாகக் கேட்கும். பெரும்பாலானவர்களுக்குப் போகப்போகக் காது பழகிவிடும். நீங்கள் பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறான நிலைமைக்கு. வழக்கமாகக் கேட்ட சத்தம் மழுங்கிப்போனாலோ நின்றுவிட்டாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, அது அவசரம்.

பக்கத்துக் கட்டிலோடு ஏன் ஒப்பிடக் கூடாது

மூன்றாம் நாள் வந்த படபடப்புக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. வால்வு ஆபரேஷன் என்றால் இன்னும் கொஞ்சம் அதிகம். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில்தான் வரும். உங்களுக்கு அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மைட்ரல் வால்வு பல வருடங்களாகச் சுருங்கியிருந்ததால் இடது மேலறை அழுத்தம் தாங்கித் தாங்கி விரிந்திருக்கும். விரிந்த அறை எளிதில் தடுமாறும். ஆகவே அந்தப் படபடப்பை வைத்து ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். வால்வு எப்படி வேலை செய்கிறது என்பதை எக்கோ என்ற இதய ஸ்கேன் காட்டும். "எக்கோவில் வால்வு எப்படி இருக்கிறது?" என்று நேராகக் கேளுங்கள். அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

ஆறாம் நாளே போன அந்த நோயாளிக்கு என்ன வால்வு, எந்த இடத்தில் என்று கேட்டீர்களா? அவருக்கு வால்வை மாற்றாமல் சரிசெய்து மட்டும் விட்டிருக்கலாம். விலங்கின் திசுவால் செய்த திசு வால்வு வைத்திருக்கலாம். அப்படியென்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அவருக்குச் சில மாதங்களே போதும், சிலருக்குத் தேவையே இல்லை. அவருக்குப் படபடப்பு வராமலும் இருந்திருக்கலாம். ஒரே வார்டு, ஒரே வாரம், ஒரே மாதிரி தழும்பு என்பதால் இரண்டும் ஒரே ஆபரேஷன் ஆகிவிடாது.

அந்த ஐ.என்.ஆர். எதற்கு

உங்கள் விஷயத்தில் நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

மெக்கானிக்கல் வால்வு தேயாது, பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அதன் மேல் ரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும் ஆபத்து வாழ்நாள் முழுக்க உண்டு. மைட்ரல் இடத்தில் ரத்தத்தின் வேகம் குறைவு என்பதால் அங்கே அந்த ஆபத்து கூடுதல். அதிலும் வால்வின் விளிம்பு உடம்போடு ஒட்டி ஆறும் முதல் மூன்று மாதங்கள் மிக முக்கியம். கட்டி உருவானால் வால்வு அடைபடலாம், அல்லது கட்டி பிய்ந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். இதைத் தடுக்கத்தான் வார்ஃபரின் என்ற மாத்திரை. ஐ.என்.ஆர். என்பது உங்கள் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதற்கான கணக்கு. மைட்ரல் இடத்தில் மெக்கானிக்கல் வால்வு உள்ளவர்களுக்குப் பொதுவாக இலக்கு 3, அதாவது 2.5 முதல் 3.5 வரை. உங்கள் டாக்டர் வேறு எண்ணைக் குறித்திருந்தால் உங்களுக்கு அதுதான் சரி.

வார்ஃபரின் இன்று விழுங்கி நாளை வேலை செய்கிற மாத்திரை அல்ல. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைவுப் பொருள்கள் தீர்ந்து அதன் முழு விளைவு தெரிய ஐந்து நாளாவது ஆகும். உங்களுக்குப் பசியும் சரியாக இருக்காது. படபடப்புக்குக் கொடுத்த மருந்து அமியோடரோனாக இருந்தால் அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும். அதனால் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அதுவரை ரத்தம் உறையாமல் காக்க ஹெப்பாரின் வகை ஊசி போடுவது வழக்கம். உங்கள் வயிற்றுத் தோலில் போடுகிற ஊசி அதுவாகத்தான் இருக்கும். உங்கள் கடிதத்தில் "சும்மா வைத்திருக்கிறார்கள்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. தினமும் நடக்கும் இந்த வேலை வெளியே தெரிவதில்லை, அதனால்தான் அப்படித் தோன்றுகிறது.

சரி, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமா? சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளி, மருத்துவ ஆலோசனையை மீறிப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். அதற்குப் பிறகும் உங்கள் சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கும் உரிமை போய்விடாது. ஆனால் ஐ.என்.ஆர். இலக்கைத் தொடாமல், ஊசியும் இல்லாமல் நீங்கள் வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு நாளும் அந்த வால்வு காப்பில்லாமல் ஓடும். அந்தக் கையெழுத்தை நீங்கள் போடக் கூடாது என்றே நான் சொல்வேன். அதற்குப் பதிலாக இன்னொரு வழி இருக்கிறது, பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "டாக்டர், எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் வந்து போக முடியுமா? முடியாது என்றால் எது தடுக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். துடிப்பு சீராகி, காயம் சுத்தமாக இருந்து, பரிசோதனைக்கு வந்துபோக வசதியும் இருந்தால் சில மருத்துவர்கள் ஒப்புக்கொள்வார்கள். மறுத்தாலும், என்ன நடந்தால் அனுப்புவார்கள் என்பது தெளிவாகும். அது தெரிந்தாலே காத்திருப்பது பாதி எளிதாகிவிடும்.

அக்காவை விட்டுவிடாதீர்கள்

உங்கள் கணவரும் மாமியாரும் பயப்படுவது எனக்குப் புரிகிறது. வார்டில் ஒருவர் சொல்லும் பயங்கரக் கதை இன்னொருவரின் தூக்கத்தைக் கெடுத்ததை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த அக்காவின் வருகை உங்களுக்கு நல்லது செய்திருக்கிறது. உங்களைத் தூங்க வைத்திருக்கிறது. மருந்துச்சீட்டில் நாங்கள் எழுதியது எதுவும் அதைச் செய்யவில்லை.

ஒரு பழைய விஷயம் சொல்கிறேன். 1948 வாக்கில், சுருங்கிப்போன மைட்ரல் வால்வை வெற்றிகரமாகத் திறக்கத் தொடங்கிய ஒருசில அறுவை மருத்துவர்களில் டுவைட் ஹார்க்கனும் ஒருவர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் இருந்தவர். 1951-இல் அவருடைய நோயாளிகள் நான்கு பேர் சேர்ந்து மெண்டட் ஹார்ட்ஸ் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். சரிசெய்யப்பட்ட இதயங்கள் என்று அதற்குப் பொருள். ஆபரேஷன் முடிந்தவர் அடுத்து ஆபரேஷனுக்குப் போகிறவரை மருத்துவமனைக்கே போய்ப் பார்ப்பது இன்றுவரை அவர்களுடைய முக்கியமான வேலை. வால்வு அறுவை சிகிச்சை நடை பழகிய நாளிலேயே, பிழைத்தவர் இன்னொருவரின் கட்டிலருகே போய் உட்கார வேண்டும் என்ற எண்ணமும் வந்துவிட்டது. அப்படிப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது என்பது அதில் ஒரு கண்டிப்பான விதி.

உங்கள் அக்காவுக்கு அந்த விதியை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவருடைய பாசத்தில் குறையில்லை. ஆனால் மாத்திரை விஷயத்தில் அவர் சொன்னது தவறு. ஐ.என்.ஆர். நிலையான பிறகும் பொதுவாக நான்கு வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சிலருக்கு மட்டும் மருத்துவரே அந்த இடைவெளியைக் கொஞ்சம் நீட்டுவார். ஆறு மாதம் என்பது எந்தக் கணக்கிலும் வராது. ஒரு பல் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் வார்ஃபரினை நிறுத்தவே வேண்டியதில்லை. ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு, பல் மருத்துவர் அந்த இடத்திலேயே ரத்தத்தைக் கட்டுப்படுத்துவார். அதற்கு முன்னால் ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பார், வால்வில் தொற்று ஏறாமல் இருக்க.

"ஒன்றும் ஆகவில்லை" என்ற அவருடைய வார்த்தை உண்மைதான். ஆனால் மாத்திரையை நிறுத்திப் பக்கவாதம் வந்தவர்கள் வார்டுக்கு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வதில்லை. அவர்களை நாங்கள் வேறு வார்டில் பார்க்கிறோம். அதனால் சக நோயாளியிடமிருந்து உங்கள் காதுக்கு வருகிற கதைகள் எப்போதும் பிழைத்தவர்களுடையவை. மாத்திரை அளவு, பரிசோதனை இடைவெளி, எந்த மருந்தை நிறுத்துவது, இந்த மூன்றையும் அக்காவிடம் கேட்காதீர்கள்.

கேட்க வேண்டியவை ஏராளமாக இருக்கின்றன. இருமும்போது தலையணையை நெஞ்சோடு எப்படி அணைத்துக்கொள்வது, கையை ஊன்றாமல் எப்படி எழுந்திருப்பது, மார்பகத்தின் எடை தையலை இழுக்கும்போது என்ன உள்ளாடை அணிந்தார், அம்மாவைத் தூக்கச் சொல்லி அழும் குழந்தைக்கு என்ன சொல்லிப் புரிய வைத்தார், மறுபடி வகுப்பில் நின்று பேச எத்தனை மாதம் ஆனது, கணவரோடு நெருங்கும்போது பயமாக இருந்ததா? பிசியோதெரபிஸ்ட் முதல் இரண்டையும் சொல்லித் தருவார். மற்றவற்றில் பெரும்பாலானதை எங்களில் யாரும் கேட்பதுகூட இல்லை. நெஞ்செலும்பு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரமும், நல்ல பலம் பெற மூன்று மாதமும் ஆகும் என்று நான் சொல்லிவிடலாம். அந்த மூன்று மாதத்தை எப்படிக் கடப்பது என்பது கடந்தவருக்குத்தான் தெரியும்.

அடுத்த முறை அவர் வரும்போது, "அக்கா, ஐ.என்.ஆர். மாதா மாதம் பார்க்கணும் என்று இங்கே சொல்றாங்க, நீங்களும் ஒருதடவை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்று சொல்லுங்கள். திருத்துகிற மாதிரி இல்லாமல், அக்கறையாகச் சொல்லுங்கள். உங்களை நம்பி அவர் போவார். உங்கள் கணவர் அக்காவின் கணவரோடு அரை மணி நேரம் பேசட்டும். ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்த மனிதருக்கும் அதே மாதிரி உட்கார்ந்திருந்த ஒருவர் வேண்டும். சோர்வான நாளில் யாரையும் பார்க்க வேண்டாம் என்றால், இன்று வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள். யார் வந்து பார்க்கலாம், உங்கள் போன் எண்ணை யாரிடம் கொடுக்கலாம் என்பதெல்லாம் உங்கள் முடிவு.

நீங்கள் கேட்காதவை, ஆனால் வீட்டுக்குப் போவதற்குள் தெரிய வேண்டியவை

வால்வின் வகை, அளவு, வரிசை எண் எழுதிய அட்டை ஒன்று தருவார்கள். கேட்டு வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல் வந்தால் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். வால்வில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க முதலில் ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, எடுக்க வேண்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி பிடிபடாமல் போகலாம். வலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வேண்டாம். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். கறுப்பாக மலம் போனாலோ, திடீரென்று முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, காயத்தில் நீர் கசிந்தாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ கூடினாலோ மருத்துவமனைக்கு உடனே தகவல் போக வேண்டும். கீரைகளில் வைட்டமின் கே இருக்கிறது. அவற்றை விலக்க வேண்டியதில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் வயதுக்கு இதைச் சொல்லாமல் விடக் கூடாது. வார்ஃபரினால் மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாகலாம். முதல் சுழற்சியிலேயே அதிகமாகத் தெரிந்தால் சொல்லுங்கள். இரண்டாவது குழந்தை பற்றிய எண்ணம் இருந்தால், கருத்தரிப்பதற்கு முன்பே இதய மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் சேர்ந்து பாருங்கள். கர்ப்பத்தின் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வாரம் வரை வார்ஃபரின் கருவைப் பாதிக்கலாம். ஆனால் பயந்து நீங்களாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து உங்கள் உயிருக்கே ஆபத்து வரலாம். எண்ணம் இல்லை என்றால் நம்பகமான கருத்தடைக்கு இப்போதே கேளுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை உங்களுக்கு ஏற்றதல்ல.

எதிர்க் கட்டில்

அந்தப் பெண் கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லலாம். பதினோரு நாள் அனுபவம் போதும். உங்களுக்கு எது தெரியுமோ அதை மட்டும் சொல்லுங்கள். வலித்தால் வலித்தது என்றே சொல்லுங்கள். மருந்து கேட்டபோது கொடுத்தார்கள், நாளுக்கு நாள் குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லை என்று பொய் சொன்னால், முதல் இருமலிலேயே அவருக்கு உங்கள் மேல் இருந்த நம்பிக்கை போய்விடும். கண் விழிக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கும், பேச முடியாது, அது சில மணி நேரம்தான், பக்கத்தில் நர்ஸ் இருப்பார், கையை அசைத்தால் வருவார். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டவருக்கு அந்த விழிப்பு அவ்வளவு பயமாக இருக்காது. எத்தனை நாளில் வீட்டுக்குப் போவார் என்று கேட்டால், "அதை டாக்டரிடம் கேளுங்கள், என் நாள் வேறு உங்கள் நாள் வேறு" என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அந்த எறும்புகளைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். ஐ.சி.யூ.வில் இரவில் இல்லாதது ஏதாவது தெரிந்தால் பயப்பட வேண்டாம், எனக்கும் தெரிந்தது, ஓரிரு நாளில் போய்விட்டது, உடனே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு என்று சொல்லுங்கள். என்னிடம் வந்த அந்த மனிதருக்கு இதைச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்